பெனாசிரும் இரண்டு கொம்புப் பெட்டிகளும்

திண்டிவனத்தில் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் வைஃபை நின்றுபோனால் முதலில் கூப்பிடுவது பெனாசிரைத்தான். ஆண்கள் இல்லாத நேரத்தில் முன்பின் தெரியாத மெக்கானிக்கை உள்ளே விட அந்த வீடுகளில் தயங்குவார்கள். கம்பெனி ஆள் வந்தால் வாசலிலேயே நிற்க வைத்து, பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். லைன் உள்ளே, பெட்டி வெளியே. அவர் எதைச் சோதிப்பார்? திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பெனாசிர் அடுப்படி வரை போவார். கட்டிலுக்கு அடியில் ஓடும் ஒயரை இழுத்துப் பார்ப்பார். தலைமாட்டில் பெட்டியை வைத்து அதன்மேல் துணி மடித்து அடுக்கியிருந்தால் உரிமையோடு திட்டுவார்.

அவர் பிறந்தது 1980இல், கோட்டக்குப்பத்தில். அவருடைய அத்தா, அதாவது அப்பா, துபாயிலிருந்து திரும்பி வந்து 1993இல் வீட்டு முன்பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்தார். 1992 என்று சொல்பவர்கள் உண்டு. அது பூத்துக்கு விண்ணப்பம் போட்ட ஆண்டு. பள்ளி விட்டு வந்ததும் பூத்தில் உட்கார்ந்து லைன் கிடைக்கும்வரை எண்களைத் திரும்பத் திரும்ப அழுத்துவது பெனாசிரின் வேலை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பெண்கள் கணவன்மாரோடு பேசுவார்கள். பேச்சு பாதியில் அறுந்தால் அவர்கள் துபாயைத் திட்டமாட்டார்கள், சென்னையைத் திட்டமாட்டார்கள், பூத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத்தான் திட்டுவார்கள். "அது ஒண்ணும் தப்பில்ல. அவங்களுக்குக் கண்ணுல தெரியறது நான் ஒருத்திதானே" என்று பெனாசிர் இப்போதும் சொல்வார்.

2001இல் திண்டிவனம் யாஹ்யாவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தார். யாஹ்யா சவுதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். 2011இல் விடுப்பில் வந்தபோது, தான் தங்கியிருந்த வீட்டில் வேண்டாமென்று வைத்திருந்த ஒரு வைஃபை பெட்டியைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். இங்கே வீட்டில் தொலைபேசிக்காரர்கள் கொடுத்த மோடம் ஒன்று இருந்தது. அதில் ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில்தான் இணையம் பார்க்க முடியும். யாஹ்யா அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, தொலைபேசி ஒயரை நேராகத் தான் கொண்டுவந்த பெட்டியின் நீலத் துளையில் செருகினார். ஒயரும் போய் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாங்க, லைட்டே எரியல?"

"இரு, சூடாவட்டும்."

"இது இன்னா இஸ்திரிப் பெட்டியா, சூடாவறதுக்கு?"

"தம்மாம்ல இதே பெட்டிதான், ஜிவ்வுனு ஓடிக்கினு இருந்துச்சு. உங்க ஊரு லைன் சரியில்ல."

"கல்யாணம் பண்ணிக்கினு வந்து பத்து வருஷம் ஆவுது. இப்போ இது எங்க ஊரு ஆயிடுச்சா?"

அப்போது பார்த்து யாரோ தொலைபேசியில் அழைத்தார்கள். மணி அடிக்கும்போது தொலைபேசி லைனில் சாதாரண நேரத்தைவிட அதிக மின்னழுத்தம் வரும். பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சத்தம். பிறகு அந்த நீலத் துளை எதற்கும் உதவவில்லை.

யாஹ்யா லைனைத் திட்டிக்கொண்டே தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்தார். பெனாசிர் தையல் மெஷின் திருப்புளியால் பெட்டியைப் பிரித்தார். எதிர்வீட்டிலும் அச்சாக அதேபோல ஒரு பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கடன் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். வெளியே நிறம், உருவம், விளக்குகள் எல்லாம் ஒன்று. பின்பக்கம் மட்டும் வேறு. எதிர்வீட்டுப் பெட்டியில் தொலைபேசி ஒயருக்கென்று குறுகலான துளை இருந்தது. உள்ளேயே மோடம் இருந்தது. யாஹ்யா கொண்டுவந்ததில் இருந்தவை எல்லாம் அகலத் துளைகள். அது மோடத்துக்குப் பின்னால் மாட்ட வேண்டிய ரகம். மூலையில் கிடந்த பழைய மோடத்தை எடுத்து நடுவில் வைத்திருந்தால் அது அன்றைக்கே ஓடியிருக்கும். குறுகலான ஒயர் அகலத் துளையிலும் நுழைந்துவிடுவதுதான் ஆளை ஏமாற்றியது. வளைகுடாவிலிருந்து பெட்டி கொண்டுவந்த வீடுகளில் பாதியில் இதே தவறு நடந்திருந்தது என்பது பிறகு வீடுவீடாகப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த வேலையே தொழிலானது. 2012இல் வீட்டின் முன்னறையில் கடை வைத்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான்கள் மொத்தமாக விற்கும் ஸ்டீபன்ராஜிடம் சரக்கு எடுப்பார். எந்த மாடல் வந்தாலும் முதலில் ஒன்றை எடுத்துத் தன் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்ப்பார். கைப்பேசியோடு மொட்டை மாடிக்குப் போவார், கிணற்றடிக்குப் போவார், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்ப்பார். பிறகு பிரித்து உள்ளேயும் பார்ப்பார். அப்படிப் பார்த்ததில் அவர் தேர்ந்தெடுத்தது ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குப் பெயரும் எண்ணும் இருந்தாலும், பின்னால் இரண்டு ஆன்டெனா நிற்பதால் பெண்கள் அதை 'ரெண்டு கொம்பு' என்றார்கள். மூன்று கொம்பு வைத்தது நல்லது என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்தபோது, "கொம்ப எண்ணி மாடு வாங்குவீங்களா? உள்ள இருக்கறதப் பாருங்க" என்று இதைத்தான் வாங்க வைத்தார். மூன்று வருடத்தில் அதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை.

ஒரு வழக்கத்தை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பழகிய வீடுகளில் அட்டைப்பெட்டியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். கடைக்காரர் உடைத்துச் சோதித்தால் அது 'யாரோ வச்சிருந்தது' ஆகிவிடும். வாங்கியவர் வீட்டில், அவர் கையால்தான் சீல் உடைய வேண்டும். அதனால் பெனாசிர் தான் ஓட்டிப் பார்த்த ஒன்றை நம்பி, மற்றவற்றைப் பிரிக்காமலேயே விற்றுவந்தார்.

2015 மே மாதம் அசன் பீவியின் மூத்த மகளுக்கு நிக்காஹ். அசன் பீவி பெனாசிருக்குத் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். மாமி என்று கூப்பிடுகிற பழக்கம். அவருடைய கணவர் சிக்கந்தர் பாட்சா ரியாத்தில் லாரி ஓட்டினார். கல்யாணத்துக்கு வருவதாக இருந்தது. அவர் வேலை பார்த்த இடத்தில் குடியிருப்பு அனுமதித் தாள்களைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். ஊரைவிட்டுக் கிளம்ப முடியாத நிலை. மணமகளுக்குப் பொறுப்பாக நிற்கத் தன் தம்பியை நியமித்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நிக்காஹ் ஓதும்போது மகளை வீடியோ காலில் பார்க்க வேண்டும். பெனாசிர் அதற்கு வாக்குக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் புது ரெண்டு கொம்புப் பெட்டியை அசன் பீவி தன் கையால் சீல் உடைக்க, பெனாசிர் மாட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அது நன்றாகத்தான் ஓடியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை. வீடு நிறைய உறவினர். மணப்பெண்ணுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். ரியாத்திலிருந்து அழைப்பு வந்தது. சிக்கந்தர் பாட்சா மகளின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து நின்றது. பெட்டியை அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் வந்தது, மறுபடியும் நின்றது. மூன்றாவது முறை படம் வரவில்லை. குரல் மட்டும் வந்தது: "நாளைக்கும் இப்டித்தானா, அசனு?"

பெனாசிருக்கு ஆள் போனது. வந்தவரை அசன் பீவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னியேன்னுதான் வாங்குனேன் பெனாசிரு. அந்த மனுசன் எதுக்குமே ஆசப்பட்டது கெடையாது. இத ஒண்ணுதான் கேட்டாரு."

"தெரியும் மாமி. நாளைக்கு அவரு பாப்பாரு."

"இப்போ பாக்க முடியலியே."

"இப்போ இன்னான்னு பாக்கறேன். மருதாணி கலையப் போவுது, நீங்க போங்க."

பெனாசிர் வீட்டுக்குப் போய்த் தன்னுடைய ரெண்டு கொம்புப் பெட்டியை எடுத்து வந்தார். மூன்று வருடமாக அவர் வீட்டில் ஓடுவது அதுதான். இரண்டையும் அசன் பீவியின் பின்னறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்னால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கையில் தூக்கினார். புதியது லேசாக இருந்தது. பழையதில் கொம்புகளைத் திருகிக் கழற்றலாம். புதியதில் கழற்ற வராது, ஒட்டியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மாடல் பெயர் ஒன்றேதான். அதற்குப் பக்கத்தில் மிகச் சின்ன எழுத்தில், பழையதில் பதிப்பு எண் மூன்று, புதியதில் ஐந்து. அட்டைப்பெட்டியில் அந்த எண் எங்கேயும் இல்லை. மின்சார அடாப்டரும் வேறு. பழையதற்குப் பன்னிரண்டு வோல்ட், புதியதற்கு ஒன்பது.

இரண்டையும் பிரித்தார். பழையதில் முக்கியமான சில்லின் மேல் தகர மூடி, பக்கத்தில் நினைவகச் சில்லுகள் இரண்டு. புதியதில் மூடி இல்லை, சில்லும் ஒன்றுதான். அதிலும் பாதி அளவு. வீட்டில் நாலு பேர் மட்டும் பார்த்தால் புதியது போதும். நாற்பது கைப்பேசிகள் ஒரே நேரத்தில் இணையம் இழுத்தால், யாருக்கு எது போக வேண்டும் என்று நினைவில் வைக்க அதற்கு இடம் போதாது, திகைத்து நின்றுவிடும்.

ஸ்டீபன்ராஜைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"அண்ணே, ரெண்டு கொம்பு பழைய லாட் எதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"பழசு இன்னா, புதுசு இன்னா. ஒரே மாடல்தானேம்மா?"

"பேருதான் ஒண்ணு. பிரிச்சு வச்சிக்கினு பேசறேன். உள்ள பாதிய உருவிட்டாங்க. பழசுக்கு அடியில சின்னதா மூணுன்னு போட்டிருக்கும், பாருங்க."

"அடப்பாவிங்களா. வெல மட்டும் அப்டியே போடறான் பாரு." கொஞ்ச நேரம் பெட்டிகளை உருட்டும் சத்தம் கேட்டது. "நாலு பெட்டி பிரிச்சுப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் அஞ்சுதான் போட்டிருக்குது. பழசு ஒண்ணு கூட இல்லம்மா."

"பிரிச்சதெல்லாம் யாரு வாங்குவாங்க?"

"நீதான். வேற யாரு?"

பெனாசிர் சிரித்துவிட்டு வைத்தார். சரி, தன்னுடைய பழைய பெட்டியையே நாளைக்கு இங்கே மாட்டிவிடலாம். ஆனால் அதற்கும் நாற்பது கைப்பேசிகள் அதிகம்தான். அதைவிட, தொலைபேசி லைனே ஒல்லியானது. பத்துப் பேர் படம் பார்க்க ஆரம்பித்தால் ரியாத்துக்கு மிஞ்சுவது ஒன்றும் இருக்காது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்றார்.

"மாத்தலாம்" என்றார் அசன் பீவி. "காலைல மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து பாஸ்வேர்டு இன்னான்னு கேப்பாங்க. இல்லன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"சொல்ல முடியாது, இல்ல?"

"மாப்பிள்ளையோட பெரியப்பா கேட்டா? தண்ணி குடுக்க மாட்டேன்னு சொல்றாப்ல ஆயிடும்."

பக்கத்து அறையில் உறவுப் பெண்கள் ஏற்கெனவே அந்தச் சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த கடவுச்சொல் அது. பெனாசிர் இரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, கேக்கறவங்களுக்கெல்லாம் குடுங்க. கேக்காதவங்களுக்கும் குடுங்க."

"பைத்தியம் புடிச்சிடுச்சா உனக்கு?"

"புதுப் பெட்டி கூடத்துலயே இருக்கட்டும். அதே பேரு, அதே பாஸ்வேர்டு. அதுக்கு லைன் மட்டும் குடுக்க மாட்டேன். நம்ம பழைய பெட்டி இந்த ரூம்ல. அதுக்கு வேற பேரு. அதுல உங்க போன் ஒண்ணுதான் இருக்கும்."

அசன் பீவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எல்லார் போன்லயும் வைஃபை காட்டும்?"

"ஃபுல்லா காட்டும்."

"ஒண்ணும் வராது?"

"ஒண்ணும் வராது."

"மாப்பிள்ள வூட்டுக்காரங்களையே ஏமாத்தறியே, பாவி."

"பாஸ்வேர்டுதானே கேட்டாங்க. பாஸ்வேர்டு குடுத்துட்டோம்."

சும்மா இணைந்து நிற்பதற்குப் புதிய பெட்டியின் சின்ன நினைவகம் போதும். இணையம் போய்வரும்போதுதான் அது திணறும். அந்த வேலையே இல்லாதபோது எத்தனை கைப்பேசி வந்தாலும் அசையாமல் நிற்கும் என்று பெனாசிர் கணக்குப் போட்டார். இரண்டு அலைகளும் ஒன்றை ஒன்று கெடுக்காமல் இருக்க ஒன்றை முதல் சேனலிலும் மற்றதைப் பதினொன்றிலும் வைத்தார். அன்று மாலையே ஒரு முறை ரியாத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். படம் நிற்கவில்லை. சிக்கந்தர் பாட்சா மகளின் இன்னொரு கையையும் பார்த்தார்.

மறுநாள் காலை கூடத்திலும் பின்னறையிலும் நாற்காலிகளை அடுக்கியவர்கள் இடைஞ்சலாக இருக்கிறதென்று இரண்டு பெட்டிகளின் ஒயர்களையும் அடாப்டர்களோடு கழற்றி ஒரே இடத்தில் போட்டுவிட்டு, பிறகு திரும்ப மாட்டினார்கள். பெனாசிருக்கு அது தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கூடத்தில் வரிசையாகக் கைப்பேசிகள் முளைத்தன. நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்; என் கைப்பேசியிலும் அலைக்கோடுகள் நிறைவாக இருந்தன.

"இன்னாப்பா இது, கோடு ஃபுல்லா காட்டுது, போட்டோ ஒண்ணு போவ மாட்டேங்குது?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"கூட்டம் பாருங்க மாமா. எல்லாரும் இழுக்கறாங்க" என்றார் பெனாசிர்.

"இதுக்குத்தான் சொல்றது, மூணு கொம்பு வாங்கணும். ரெண்டு கொம்பு பத்தாது."

"அடுத்த கல்யாணத்துக்கு மூணு கொம்பா வாங்கிடலாம் மாமா."

காஜியார் வந்து உட்கார்ந்தார். சிக்கந்தர் பாட்சாவின் தம்பி மணமகளுக்குப் பொறுப்பாகப் பக்கத்தில் அமர்ந்தார். பெண்கள் பக்கம், திரைக்கு அருகே, மகளின் முன்னால் கைப்பேசியைப் பெனாசிர் பிடித்துக்கொண்டிருந்தார். ரியாத்தில் சிக்கந்தர் பாட்சா வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிந்து, தன் அறையில் நேராக உட்கார்ந்திருந்தார். காஜியார் தொடங்கப் போகும் நேரத்தில் படம் போய்விட்டது. இருபது முப்பது நொடியில் வந்தது. மறுபடியும் போனது.

அசன் பீவி பெனாசிரின் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது என்று பெனாசிர் சொல்லியிருக்கிறார்.

"மாமி, போனப் புடிங்க. காஜியார கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

பின்னறைக்குப் போனார். பழைய பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தன. நினைவகம் திணறினால் விளக்கு எரிந்துகொண்டேதான் நிற்கும். இப்படி மொத்தமாக அணைவது மின்சாரம் போதாத அடையாளம். சுவரில் இருந்த அடாப்டரைத் தொட்டார். கைக்குள் அடங்கும் சின்ன அடாப்டர், ஒன்பது வோல்ட். இரண்டு பெட்டிக்கும் துளை ஒன்றுதான் என்பதால் எது எதில் வேண்டுமானாலும் நுழையும். சும்மா இருக்கும்போது அந்த மின்சாரத்தில் பெட்டி விழித்துக்கொண்டிருக்கும். படத்தைத் தள்ள வேண்டிய நேரத்தில் மூச்சு வாங்கி விழுந்து, மறுபடி எழுந்திருக்கும்.

கூடத்துக்கு வந்தார். புதிய பெட்டி பன்னிரண்டு வோல்ட்டில் சூடேறிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து அடாப்டரைப் பிடுங்கினார்.

"ஏம்மா, இருந்ததும் போச்சா?"

"ஒரு நிமிசம் மாமா, உங்களுக்கு ஸ்பீடு பண்ணித் தரேன்."

பெரிய அடாப்டரைப் பின்னறையில் மாட்டினார். சின்னதைக் கொண்டுவந்து கூடத்துப் பெட்டியில் மாட்டினார். காஜியார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மணமகளின் பெயரை எழுதியிருந்த தாளை இரண்டாவது முறை சரிபார்த்துக்கொண்டிருந்தார். பின்னறையில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ரியாத் மணி அடித்தது. சிக்கந்தர் பாட்சா அதே இடத்தில், அதே மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிச்சிட்டாங்களா?"

"இல்லங்க. உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்காங்க" என்றார் அசன் பீவி.

ஓதினார்கள். மகளிடம் சம்மதம் கேட்டார்கள். அவள் சொன்னது கூடத்தில் இருந்தவர்களுக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை. ரியாத்தில் கேட்டது. கைப்பேசிக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். மாப்பிள்ளை சம்மதம் சொன்னபோது பெனாசிர் கைப்பேசியைத் திரைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கடைசியில் துஆ ஓதி முடிக்கும்வரை படம் ஒரு முறையும் நிற்கவில்லை. சிக்கந்தர் பாட்சா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மிகவும் சாதாரணமான குரலில் கேட்டார்: "பந்தி போட்டாச்சா?"

அந்த வாரத்திலேயே பெனாசிர் புதிய பதிப்பு வாங்கிய மற்ற வீடுகளுக்கெல்லாம் போனார். நாலைந்து பேர் மட்டும் இருக்கும் வீடுகளில் அப்படியே விட்டார். கூட்டுக் குடும்பங்களில் உண்மையைச் சொல்லிவிட்டு வேறு மாடல் கொண்டுவந்து மாற்றினார். அதற்குப் பிறகு ஒரு பெட்டியையும் சீலோடு விற்றதில்லை. வாங்குபவர் எதிரிலேயே உடைத்து, கவிழ்த்து, பதிப்பு எண்ணை அவர்களையே படிக்கச் சொல்கிறார். "ஒடச்சிட்டியே" என்று முகம் சுளிக்கிறவர்களிடம் அசன் பீவி வீட்டுக் கல்யாணத்தைச் சொல்கிறார். பிறகு அவர்களே நகத்தால் சீலைக் கீறிக் கொடுக்கிறார்கள்.

கல்யாணத்தன்று அந்த அழைப்பு நிக்காஹோடு முடியவில்லை. சிக்கந்தர் பாட்சா பந்தியைக் காட்டச் சொன்னார். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்து, வராதவர்கள் யார் என்றும் சொன்னார். தேக்சாவில் பிரியாணி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். சம்பந்தியிடம் சலாம் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் காட்டியபோது அவர் கைப்பேசியை வியப்போடு பார்த்தார்.

"இதுல மட்டும் எப்டி வருது?"

"அது அவரு அங்கேர்ந்து தள்றாரு மாமா. சவுதி லைனு" என்றார் பெனாசிர்.

மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் நேரம் வந்தபோது கடைசியில் நின்றது அசன் பீவியின் கைப்பேசிதான், பேட்டரி தீர்ந்து. வண்டி வாசலில் காத்திருந்தது. மகள் ஏறவில்லை. அசன் பீவி சார்ஜரைத் தேடி வீடு முழுவதும் ஓடினார். பெனாசிர் பின்னறையில் பெட்டிக்குப் பக்கத்திலேயே சார்ஜரைச் செருகி, கைப்பேசிக்கு உயிர் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணப்பெண் பட்டுப்புடவையோடு அந்தச் சின்ன அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். சார்ஜர் ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில் கைப்பேசியைப் பிடித்து, அத்தாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னாள்.